சட்டையைக் கழற்றியது யார்? குளிரால் வரும் சாவும் உடல் விட்டுச்செல்லும் மூலக்கூறுத் தடங்களும்

சத்தியமங்கலத்துக்கு மேலே மலையில் இருக்கும் தாளவாடிப் பக்கம் பெரியப்பா குத்தகைக்குப் பிடித்திருந்த காட்டில் (எங்கள் ஊரில் காடு என்றால் விவசாய நிலம்தான்) அவர் இறந்து கிடந்தது ஒரு கார்த்திகைக் கடைசியில். இரண்டு நாளாக விடாத தூறல். யானை இறங்குகிறது என்று ராத்திரிக் காவலுக்குப் போயிருந்தார். 68 வயது, சர்க்கரை உண்டு, அன்றைக்குக் கொஞ்சம் குடித்தும் இருந்தார். விடிந்து அண்ணன் போய்ப் பார்த்தபோது பரண் காலியாக இருந்தது. தேடிக்கொண்டே போனால், வாழைக்குள் ஒரு குழியில், காய்ந்த சருகையெல்லாம் இழுத்து மேலே போட்டுக்கொண்ட மாதிரி குறுகிக் கிடக்கிறார். சட்டையும் வேட்டியும் பத்தடி தள்ளி வரப்பில் கிடந்தன. முட்டியிலும் முழங்கையிலும் செவ்வூதாத் திட்டுகள், கைகளில் சிராய்ப்பு.

ஊர் பேசுவதற்கு இது போதும். யாரோ அடித்து உருவிப் போட்டுவிட்டார்கள் என்றார்கள், வரப்புத் தகராறு இருந்த பக்கத்துக் காட்டுக்காரர் மேல் எல்லார் கண்ணும் போனது, முனி அடித்துவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. போலீஸ் சந்தேக மரணம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-ஆம் பிரிவில் பதிவு செய்தது (2024 ஜூலைக்குப் பிறகு அதே விசாரணை புதிய சட்டத்தில் 194-ஆம் பிரிவாகிவிட்டது). மாதக்கணக்கில் கழித்து வந்த அறிக்கையில் மாரடைப்பாக இருக்கலாம் என்று இருந்தது. குளிர் என்ற சொல்லே அதில் இல்லை. பெரியம்மா என்னிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்: "ஏங்கண்ணு, சட்டைய அவுத்தது ஆருன்னு உன்ற படிப்புல சொல்ல முடியாதா?"

நான் படித்தது உயிர்வேதியியல். அப்போது பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், அந்தக் கேள்விக்குப் பதில் பெரியப்பாவின் உடலுக்குள்ளேயே இருந்திருக்க வாய்ப்பு உண்டு, யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை என்பது புரிந்தது.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தை விட்டுவிட வேண்டும். குளிரில் சாவதற்குப் பனிமலை தேவையில்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனாலே ஹைப்போதெர்மியா. 32 வரை லேசானது, 28 வரை நடுத்தரம், அதற்கும் கீழே போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடும் ஆபத்து. வெளியே 10, 15 டிகிரி இருக்கும்போதே இது நடக்கலாம், நனைந்த துணி, காற்று, வயது, பட்டினி, சாராயம் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் போதும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், அதனால் நனைந்த உடம்பு என்பது வேறு கணக்கு. குடித்தால் சூடு ஏறும் என்கிறார்களே, அது தோலுக்கு மட்டும்தான்: தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூடு வெளியே கொட்டுகிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். ஊட்டியில் தரையில் உறைபனி படிவது, வால்பாறைக் குளிர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எல்லாம் நமக்குத் தெரியும். ஆனாலும் ஒருவர் வெட்டவெளியில் இறந்து கிடந்தால் மாரடைப்பு, பாம்பு, சாராயம், கொலை என்று நான்கும் நினைவுக்கு வரும், குளிர் வராது.

சரி, குளிரால்தான் இறந்தார் என்று எப்படிச் சொல்வது? தடயவியல் மருத்துவத்தில் இது கடினமான கேள்விகளில் ஒன்று. கத்திக் காயம் மாதிரி, விஷம் மாதிரி, இதுதான் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒற்றை அடையாளம் குளிருக்குக் கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில் மிஞ்சுவதைக் குளிர் என்று சொல்வதுதான் இன்றைக்கும் வழக்கம். குளிரில் கிடந்த உடல் என்பதும் குளிரால் இறந்த உடல் என்பதும் வேறு வேறு. மாரடைப்பில் விழுந்தவர் உடலும் விடிவதற்குள் சில்லிட்டுப் போகும். உயிர் இருக்கும்போதே குளிர் அந்த உடம்போடு மல்லுக்கட்டியதா, உடம்பு திருப்பிப் போராடியதா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூலக்கூறு அடையாளங்களைத் தேடுவது இந்தப் போராட்டத்தின் தடத்துக்காகத்தான்.

கண்ணால் பார்க்கக்கூடிய பழைய அடையாளங்கள் சில உண்டு. முட்டி, முழங்கை, இடுப்பெலும்புப் பக்கம் வரும் செவ்வூதாத் திட்டுகளை அடிபட்ட காயம் என்று எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். இன்னொன்று இரைப்பையின் உட்சுவரில் கடுகும் மிளகும் சிதறின மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். விஷ்னெவ்ஸ்கி என்ற ரஷ்ய மருத்துவர் 1895-இல் எழுதி வைத்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். குளிர் உடம்புக்குத் தரும் அழுத்தத்தில் (ஸ்ட்ரெஸ்) இரைப்பைச் சுவரின் நுண்குழாய்களில் இரத்தம் கசிந்து, அந்தச் சிவப்பணுக்கள் இரைப்பை அமிலத்தில் உடைந்து, ஹீமோகுளோபின் கறுப்பான ஹீமாட்டினாக மாறுகிறது. இது வெறும் ஊகமாக நிற்கவில்லை, ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்துச் சாயமேற்றி, புள்ளிகளுக்குள் இருப்பது அதுதான் என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் குளிரில் இறந்த எல்லாரிடமும் இந்தப் புள்ளிகள் இருப்பதில்லை, சர்க்கரை முற்றி, கொழுப்பு எரிவதில் மிஞ்சும் கீட்டோன் இரத்தத்தில் ஏறி இறந்தவர்களிடமும் இவை தென்பட்டிருக்கின்றன. கொங்கு நாட்டில் சர்க்கரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது, ஆகவே இந்தக் குழப்பம் நமக்கு ஏட்டுச் சங்கதி இல்லை.

அப்புறம் அந்தக் கழற்றிப் போட்ட துணி. குளிரின் கடைசிக் கட்டத்தில் சிலர் தாங்களே உடைகளைக் களைந்துவிடுவார்கள். தோலின் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருந்த தசைகள் ஓய்ந்துபோய் விட்டுவிட, உள்ளிருந்த சூடான இரத்தம் சட்டென்று தோலுக்குப் பாய்கிறது, மூளையும் மங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உடம்பு தீப்பிடித்த மாதிரி தோன்றுகிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கடைசியாகக் கட்டிலுக்கு அடியிலோ, இலைக் குவியலுக்குள்ளோ, ஏதாவது ஒரு பொந்துக்குள்ளோ புகுந்து சுருண்டுகொள்வதும் பதிவாகியிருக்கிறது. 1995-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் இரண்டு பேர் இதை விரிவாக எழுதினார்கள். பெரியப்பா கிடந்த கோலத்தை அந்தக் கட்டுரையில் அப்படியே படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் உடல் துணி விலகிக் கிடந்தால், குளிர் என்று சொல்லி யாரும் அதை மூடிவிடக் கூடாது, பாலியல் வன்முறைக்கான மாதிரிகள் அத்தனையும் எடுத்தே ஆக வேண்டும். குற்றமே நடக்காத இடத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்குவதும், நடந்த குற்றத்தைக் குளிரின் தலையில் கட்டுவதும் இரண்டுமே நடக்கலாம். இரண்டையும் தடுப்பதற்குத்தான் உடலுக்குள்ளிருந்து சான்று வேண்டும் என்கிறேன்.

இனி அந்தப் போராட்டத்துக்கு வருவோம். தோலின் நரம்பு முனைகளில் டிஆர்பிஎம்8 என்ற புரதம் இருக்கிறது. புதினாவின் மென்தால் பட்டால் வாய் குளுகுளு என்று இருப்பதும் இதே புரதத்தால்தான். மென்தாலை வைத்தே இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகளுக்காக 2021-இல் மருத்துவ நோபல் வாங்கினார்கள். சேதி மூளைக்குப் போனதும் தோலின் குழாய்கள் சுருங்குகின்றன, நடுக்கம் எடுக்கிறது, நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலினும் சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து அட்ரினலினும் கொட்டுகின்றன. பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று, யுசிபி1 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு சக்தியை நேரடியாகச் சூடாக எரிக்கிறது. அது குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள், பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்று 2009-இல் உறுதியானது. கல்லீரல் சர்க்கரையை இறக்குகிறது, அது தீர்ந்த பிறகு கொழுப்பை உடைத்து எரிக்கிறது, அதன் மிச்சமாக அசிட்டோன், பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் போன்ற கீட்டோன்கள் இரத்தத்தில் ஏறுகின்றன. உள்வெப்பம் 30-ஐ ஒட்டி இறங்கும்போது நடுக்கமும் நின்றுவிடும். மணிக்கணக்கில் நடக்கும் இந்த வேலை ஒவ்வொன்றும் உடலில் ஏதோ ஒரு திரவத்தில் எழுதப்பட்டிருக்கும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஏடு சிறுநீர்ப்பை. இறந்த பிறகு இரத்தத்தில் ஹார்மோன்களின் அளவு கண்டபடி மாறும், ஏனென்றால் திசுக்கள் உடைந்து கசியும். சிறுநீர்ப்பையில் இருப்பதோ சாவதற்கு முந்தைய சில மணி நேரத்தின் சேமிப்பு. ஃபின்லாந்தில் ஹிர்வோனனும் ஹுட்டுனனும் 1982-இல், குளிரில் இறந்தவர்களின் சிறுநீரில் அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டும் ஏறியிருப்பதைக் காட்டினார்கள். பிறகு அதே நாட்டுக்காரர்கள், தனித்தனி அளவைவிட அட்ரினலினுக்கும் நார்அட்ரினலினுக்கும் உள்ள விகிதம் இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று கண்டார்கள். விகிதம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு: மாதிரி கொஞ்சம் நீர்த்திருந்தாலும், கொஞ்சம் வற்றியிருந்தாலும், இரண்டும் சேர்ந்தே மாறும்.

அடுத்தது கண். கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் திரவம் மூடின அறை மாதிரி, கிருமியும் அழுகலும் அங்கே தாமதமாகத்தான் வரும். அதில் உள்ள குளுக்கோஸ் இறந்தபின் இறங்கிக்கொண்டே போகும், ஏறாது. ஆகவே அங்கே குளுக்கோஸ் தூக்கலாக இருந்தால் இறக்கும் முன்பே அது ஏறியிருந்தது என்று பொருள், ஒன்று சர்க்கரை நோய், இல்லையென்றால் குளிர் மாதிரி கடும் அழுத்தம். சர்க்கரை நோயா என்பதைப் பிரிக்க எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை இருக்கிறது, மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கை அது சொல்லிவிடும். கீட்டோனிலும் இதே மாதிரி ஒரு முடிச்சு உண்டு. போலந்தில் செய்த ஆய்வில், குளிரில் இறந்தவர்களில் நிறையக் குடித்திருந்தவர்களுக்குக் கீட்டோன் குறைவாகவே இருந்தது, காரணம் சாராயம் உடலில் இருக்கும்வரை கொழுப்பிலிருந்து கீட்டோன் உருவாவதை அது தடுக்கிறது. ஆகக் குடித்துவிட்டுப் பனியில் விழுந்தவரிடம் கீட்டோன் இல்லை என்பதை வைத்துக் குளிர் இல்லை என்று சொல்ல முடியாது. பெரியப்பாவுக்குச் சர்க்கரையும் இருந்தது, குடியும் இருந்தது. அவர் விஷயத்தில் ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எந்தப் பக்கமும் தவறாகப் போயிருக்கும்.

புரதங்களுக்கு வந்தால் கதை இன்னும் நுணுக்கம். எச்எஸ்பி70 என்று ஒரு புரதம், பெயரில் வெப்ப அதிர்ச்சி என்று இருந்தாலும், எந்தக் கடும் அழுத்தத்திலும் செல்கள் இதை உற்பத்தி செய்யும், மற்ற புரதங்கள் மடிப்புக் குலைந்து போகாமல் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. ஜெர்மனியில் போன் நகர ஆய்வாளர்கள் குளிரில் இறந்தவர்களின் சிறுநீரகத்தில் இதன் சாயம் அழுத்தமாக விழுவதைக் காட்டினார்கள். நல்ல சேதிதான். ஆனால் அதே போன் நகரத்தில், தீயில் இறந்தவர்களிடமும் இந்தப் புரதம் கூடியிருப்பதைக் கண்டார்கள். யோசித்துப் பாருங்கள், தீயும் குளிரும் ஒரே தடத்தை விடுகின்றன! ஆக எச்எஸ்பி70 சொல்வது குளிரைப் பற்றி அல்ல, இந்தச் செல்கள் உயிரோடு இருந்து, தாக்குப்பிடிக்க முயன்று, அதற்கு நேரமும் கிடைத்திருந்தது என்பதைப் பற்றி. அதுவே பெரிய விஷயம்தான், பிணத்துக்கு அழுத்தம் தெரியாது அல்லவா.

குளிரில் கூடும் புரதம் என்று எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. சிஐஆர்பி, ஆர்பிஎம்3 என்ற இரண்டும் செல்லின் வெப்பம் 32 டிகிரி வாக்கில் இறங்கும்போது, மற்றப் புரத உற்பத்தியெல்லாம் மந்தமாகும் நேரத்தில், கூடுகின்றன. சிஐஆர்பியை ஜப்பானில் 1997-இல் கண்டுபிடித்தார்கள். இவற்றைப் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் ஆய்வக செல்களிலும் விலங்குகளிலும்தான், பிணவறையில் நம்பி எடுத்துப் பயன்படுத்தும் நிலைக்கு இன்னும் வரவில்லை. இங்கே ஓர் அடிப்படைச் சிக்கலும் உண்டு. புரதம் செய்ய நேரம் வேண்டும், சூடும் வேண்டும். மெல்ல மெல்ல, ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்து இறந்தவரிடம் தடம் ஆழமாக இருக்கும், சில்லிட்ட தண்ணீரில் விழுந்து சீக்கிரம் போனவரிடம் எதுவுமே எழுதப்பட்டிருக்காது. மைக்ரோ ஆர்என்ஏ பக்கமும் வேலை நடக்கிறது, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஆர்என்ஏ துணுக்குகள் அவை, மிகச் சின்னவை, புரதத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதால் மற்ற ஆர்என்ஏ மாதிரிச் சட்டென்று சிதையாது. மூலக்கூறுகளை எடை வைத்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரத்தத்தை ஓட்டி, நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் பார்த்து, கொழுப்பு எரிந்த கோலத்தையும் ஹார்மோன் ஏறிய கோலத்தையும் மொத்தமாகப் படிக்கும் முறையும் வந்திருக்கிறது. ஒற்றை அடையாளத்தைத் தேடுவதைவிட இந்த வழிதான் சரியாக வரும் என்பது என் கருத்து, ஏனென்றால் குளிர் ஓர் இடத்தில் அடிக்கும் அடி இல்லை, உடம்பு முழுவதையும் பிடித்து உலுக்குவது.

மாரடைப்பு என்று எழுதினார்களே, அதற்கும் ஒரு வார்த்தை. இதயத் தசை சிதைந்தால் ட்ரோபோனின் கசியும். ஜப்பானில் ஒசாகா ஆய்வாளர்கள் இரத்தத்திலும் இதய உறைக்குள் இருக்கும் நீரிலும் பார்த்து, மற்ற பல சாவுகளைவிடக் குளிரில் இறந்தவர்களிடம் ட்ரோபோனின் குறைவாக இருப்பதைப் பதிவு செய்தார்கள். நேரம் ஆக ஆகப் பிணத்தில் அதுவும் தானாக ஏறும், அதனால் சீக்கிரம் எடுக்க வேண்டும்.

சீக்கிரம் என்பதுதான் நம் ஊரில் உதைக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை ஃபின்லாந்து, ஜெர்மனி, போலந்து, ஜப்பான் என்று குளிர் நாடுகளில் நடந்தவை. அங்கே உடலைக் கண்டெடுக்கும்வரை வெளிக்குளிரே அதைப் பாதுகாத்து வைத்திருக்கும். இங்கே ராத்திரி தாளவாடியில் நடுங்கி இறந்த உடம்பு, மதியம் சத்தியமங்கலம் வெயிலில் வேனுக்குள் போய்க்கொண்டிருக்கும். ஆர்என்ஏ முதலில் போகும், அப்புறம் ஹார்மோன்கள், புரதங்கள் கொஞ்சம் தாங்கும். இன்னொரு பக்கம் ஐஸ் பெட்டி. சாவு வீடு என்றாலே ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு வந்துவிடுகிறது, பிணவறையிலும் குளிர்பெட்டி. குளிரில் இறந்தவர் உடலின் அடிப்பக்கத்தில் இரத்தம் தங்கும் நிறம் கருநீலமாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும், குளிர்ந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்வதால். ஆனால் எதனால் இறந்தவராக இருந்தாலும் பெட்டிக்குள் வைத்தால் இதே இளஞ்சிவப்பு வரலாம்! ஐஸ் பெட்டியில் வைத்த பிறகு உடல் வெப்பத்தை அளப்பதிலும் அர்த்தம் இல்லை. பெரியப்பாவுக்கு அந்த இடத்திலேயே யாரும் வெப்பமானி வைக்கவில்லை. அன்றிரவு அங்கே எத்தனை டிகிரி என்றும் யாரும் குறிக்கவில்லை.

மாதிரி எடுக்கும் முறையும் அப்படித்தான் இருக்கிறது. விஷம் இருக்கிறதா என்று பார்க்க இரைப்பை, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகளைச் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு அனுப்புவது நம் நாட்டில் பல காலமாக இருக்கும் வழக்கம், விஷத்துக்கு அது சரி. எச்எஸ்பி70 சாயத்துக்கு ஃபார்மலினில் போட்ட சிறுநீரகத் துண்டு வேண்டும், ஹார்மோனுக்கு உறைய வைத்த சிறுநீர் வேண்டும், குளுக்கோசுக்கு ஃபுளூரைடு சேர்த்த விட்ரியஸ் வேண்டும். விலை உயர்ந்தவை இல்லை, மருத்துவக் கல்லூரி உள்ள ஊரில் எல்லாம் இருக்கும். கத்தி வைக்கும்போதே கேள்வி மனதில் இருந்தால் போதும், கேள்வி இல்லாததால்தான் பெரியப்பாவின் சிறுநீர் அன்றைக்குத் தொட்டியில் போனது.

இதனால் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு: தமிழக அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் இயற்கை மரணத்துக்கு ஒரு தொகை, விபத்து மரணத்துக்கு அதைவிடப் பெரிய தொகை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் விபத்துச் சாவு அறிக்கையில் குளிரின் தாக்கம் என்று தனிக் கட்டம் உண்டு. மாரடைப்பாக எழுதப்பட்டவர் அந்தக் கட்டத்துக்குள் வரவே மாட்டார். பக்கத்துக் காட்டுக்காரரோ ஐந்து வருடம் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை, நாங்கள் அழைக்கவும் இல்லை.

போன வருடம் பெரியம்மாவிடம் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். நிரூபிக்க இப்போது எதுவும் இல்லை பெரியம்மா, ஆனால் கிடந்த கோலம், சருகு, திட்டு எல்லாம் பார்த்தால் அவரே கழற்றியிருக்கத்தான் வாய்ப்பு, குளிர் முற்றினால் சூடு அடிக்கிற மாதிரி இருக்குமாம் என்றேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப கடசீல அவுருக்குக் குளுருலீங்கறயா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுக்குப் போய், பேத்தி சீருக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்தார்.